களத்தில் ஓர் ஆசிரியர்: சையத் அப்துல் ரஹீமும் பயிற்சித் தலைமை நெறியும்

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால், ஆசிரியர் எத்தகையவராய் இருத்தல் வேண்டும், மாணாக்கர் எத்தகையவராய் இருத்தல் வேண்டும், பாடம் சொல்லும் முறை யாது என்பனவற்றையெல்லாம் இலக்கண நூலின் வாயிலிலேயே வைத்துப் பேசிய மொழி நம் தமிழ். அவ்விலக்கணம் வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுவதன்று. ஒருவர் கற்பிக்க, மற்றவர் கற்கும் இடம் எதுவாயினும் அங்கே அது பொருந்தும். விளையாட்டுத் திடலும் அத்தகைய ஓர் இடமே.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டி ஒன்றைக் காணச் சென்றிருந்தேன். ஆட்டம் சமநிலையில் முடிந்து, பெனால்டி உதைகளால் வெற்றி தோல்வி முடிவாகும் நிலை ஏற்பட்டது. முதலாண்டு மாணவர் ஒருவர் உதைத்த பந்து கம்பத்திற்கு மேலே பறந்து சென்றது. அணி தோற்றது. பயிற்சியாளர் அம்மாணவரை அனைவர் முன்னிலையிலும் கடிந்து பேசி, அணியின் சட்டையை அங்கேயே கழற்றித் தரச் செய்தார். மறுநாள் அம்மாணவர் வகுப்பிற்கு வந்தார், திடலுக்கு வரவில்லை. படிப்பு முடியும் வரையிலும் வரவேயில்லை. அவர் என் வகுப்பு மாணவர். நானும் அது குறித்து அவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அது விளையாட்டுத் துறையின் செய்தி, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அப்பயிற்சியாளர் தீயவர் அல்லர். விடியற்காலையில் மாணவர்க்கு முன்பாகவே திடலுக்கு வந்து நிற்பவர். அவரிடம் இல்லாதிருந்தது ஒன்றே ஒன்றுதான். தோற்று நிற்கும் மாணவனிடம் என்ன சொல்வது என்பதற்கு முன்னரே எண்ணி வைத்த விடை அவரிடம் இல்லை. பயிற்சிக் கொள்கை என்று உடற்கல்வி நூல்கள் பேசுவதன் உட்பொருள் இதுவே எனலாம். களத்தின் சூட்டில் எழப்போகும் வினாக்களுக்குச் சூடு எழுமுன்பே கண்டு வைத்த விடையே பயிற்சிக் கொள்கை. அத்தகைய விடைகளைத் தம் வாழ்நாள் முழுவதும் தேடியவராக ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீமைக் காண்கிறோம். அவர்தம் பணியைத் துணையாகக் கொண்டு பயிற்சித் தலைமையின் நெறிகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைமைப் பாங்கு: அறிஞர் கருத்து

தலைமைப் பாங்கினை ஆராய்ந்தோருள் முன்னோடியாக விளங்கியவர் உளவியல் அறிஞர் கர்ட் லெவின். அவரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1939-இல் சிறுவர் குழுக்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு பெரிதும் அறியப்பட்டது. ஆணையிட்டு நடத்தும் தலைமை, கலந்து பேசி நடத்தும் தலைமை, தலையிடாது விட்டுவிடும் தலைமை என மூவகையை அவர்கள் வகுத்தனர்.

இச்சிந்தனையை விளையாட்டுத் துறைக்கு உரியதாக வளர்த்தெடுத்தவருள் தலையாயவர், சென்னையில் உடற்கல்வி பயின்று, பின்னர்க் கனடாவிலும் அமெரிக்காவிலும் பேராசிரியராகத் திகழ்ந்த பி. செல்லதுரை ஆவார். அவரும் சாலே என்பவரும் 1980-இல் வெளியிட்ட தலைமை அளவுகோல், பயிற்சியாளரின் நடத்தையை ஐந்து கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. பயிற்சியும் அறிவுறுத்தலும், வீரர்களைக் கலந்து முடிவெடுத்தல், தாமே முடிவெடுத்து ஆணையிடல், வீரர்தம் நலனில் அக்கறை காட்டல், நற்செயலைப் பாராட்டல் என்பன அவை.

செல்லதுரையின் கோட்பாடு மற்றொன்றையும் உணர்த்துகிறது. சூழல் வேண்டுகின்ற நடத்தை, வீரர்கள் விரும்புகின்ற நடத்தை, தலைவர் உண்மையில் மேற்கொள்ளும் நடத்தை ஆகிய மூன்றும் எந்த அளவிற்கு ஒத்துப்போகின்றனவோ, அந்த அளவிற்கு அணியின் செயல்திறனும் வீரரின் மனநிறைவும் உயரும் என்பது அதன் சாரம். எனவே, கண்டிப்பு நல்லதா, கனிவு நல்லதா என்னும் வாதம் பொருளற்றது. யாரிடம், எப்பொழுது, எதன்பொருட்டு என்பனவே கேட்கத்தக்க கேள்விகள்.

ஆசிரியர் பயிற்சியாளரான வரலாறு

சையத் அப்துல் ரஹீம் 1909-இல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்கல்வியில் பட்டயம் பெற்றுப் பள்ளி விளையாட்டுகளையும் பொறுப்பேற்று நடத்தினார். 1940-களில் ஹைதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளரானார். 1950-இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளர் பொறுப்பினை ஏற்றார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

இந்திய அணியின் பயிற்சியாளராக 1951-இல் புதுதில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் பெற்றுத் தந்தார். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்திய அணியை வழிநடத்தினார். 1962-இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மீண்டும் தங்கம் பெறச் செய்தார். மறு ஆண்டே, 1963 ஜூன் 11-இல், புற்றுநோயால் மறைந்தார். அவர் வரலாற்றைத் தழுவி 2024-இல் வெளிவந்த 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படத்தின் வாயிலாக இளந்தலைமுறையினர் பலர் அவர் பெயரை அறிந்தனர்.

இவ்வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி, அவர் முதலில் ஆசிரியர், பின்னரே பயிற்சியாளர் என்பதாகும். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமைகளாகக் கூறுவதைத் தமிழ் மாணவர் அறிவர். ரஹீமின் காலவரிசைக்கு ஏற்ப உவமைகளின் வரிசையைச் சற்றே மாற்றி, அந்நான்கின் வழியே அவர்தம் பயிற்சி நெறியைக் காண்போம்.

மலர்: மகிழ்வோடு கற்பித்தல்

மலர் மென்மையுடையது, எல்லோராலும் மகிழ்ந்து ஏற்கப்படுவது. கற்பித்தலும் அவ்வாறே கற்பவர் மகிழ்ந்து ஏற்பதாய் அமைதல் வேண்டும்.

இளம் ஆட்டக்காரர் பலருக்கு ஒரு காலே வலிமையுடையதாக இருக்கும். மற்றொரு காலால் பந்தை உதைக்க நேர்ந்தால் தடுமாறுவர். இக்குறையைக் கண்ட பயிற்சியாளர் பலரும் திரும்பத் திரும்பக் கண்டிப்பர். ரஹீம் வேறொரு வழியைக் கண்டார். வலிமை குறைந்த காலால் மட்டுமே ஆடவேண்டும் என்னும் விதியுடன் போட்டிகளை நடத்தினார். அவ்வாறே, பந்தைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு எதிரணியினரை ஒவ்வொருவராகக் கடந்து ஓடும் டிரிப்ளிங் முறைக்கு இடமில்லாத போட்டிகளையும் நடத்தினார்.

இதன் நுட்பம் எண்ணத்தக்கது. எல்லோருமே வலிமை குறைந்த காலால் ஆடும்பொழுது, தடுமாறுவது எவருக்கும் இழிவாவதில்லை. குறை ஒருவனுடையதாக இல்லாமல் ஆட்டத்தின் விதியாகிவிடுகிறது. டிரிப்ளிங் இல்லாத ஆட்டத்திலோ பந்தை உடனே தோழனிடம் தந்தாக வேண்டும். பந்து எனக்குரியதன்று, அணிக்குரியது என்னும் பாடத்தைச் சொற்பொழிவு எதுவுமின்றிக் கால்கள் கற்றுக்கொள்கின்றன. ஒருவனைத் திருத்துவதற்கு அவனைக் கடிவதைக் காட்டிலும் ஆட்டத்தின் விதியை மாற்றுவது மேல் என்பதே இங்கு வெளிப்படும் கொள்கை.

மலரின் மென்மைக்கு மற்றொரு சான்று துளசிதாஸ் பலராமின் வாழ்க்கை. செகந்தராபாத் பகுதியில் அம்முகூடா என்னும் சிற்றூரில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் பலராம். அவருடைய ஆற்றலைக் கண்ட ரஹீம் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். நகரத்துத் திடலுக்கு நாள்தோறும் வந்து செல்லப் பொருள் வசதி இல்லை என்பதே இளைஞரின் விடையாக இருந்தது. வாடகை மிதிவண்டிக்கு வேண்டிய பணத்தை ரஹீமே தந்து உதவினார் என்பதைப் பலராம் முதுமையிலும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். அவ்விளைஞர் 1956, 1960 ஒலிம்பிக் அணிகளிலும் 1962-இல் தங்கம் வென்ற அணியிலும் இடம் பெற்றார். செல்லதுரையின் அளவுகோல் வீரர் நலனில் அக்கறை எனச் சுட்டும் கூறு, களத்தில் இத்தகைய வடிவம் கொள்கிறது. ஓர் இளைஞன் ஏன் வரவில்லை என்று கேட்பதும், கேட்ட பின்னர் அதற்கு ஒரு வழி செய்வதும் அதில் அடங்கும்.

நிலம்: தோல்வியைத் தாங்கி விளைவித்தல்

நிலம் தன்மேல் ஏற்றப்படும் சுமையைப் பொறுக்கும். உழவரின் முயற்சிக்கும் பருவத்திற்கும் ஏற்ப விளைவு தரும்.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய அணி யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்னும் கோல் கணக்கில் தோற்றது. முந்தைய ஆண்டு ஆசியாவில் தங்கம் வென்ற அணிக்கு நேர்ந்த தோல்வி இது. நம் ஆட்டக்காரருள் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. குளிர்ந்த நாட்டின் திடலில் அது பெரும் இடராயிற்று. அதன் பின்னரே காலணி அணிந்து ஆடுதல் வேண்டும் என்னும் விதியை இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கொண்டுவந்தது.

இவ்வாறு தோற்றுத் திரும்பும் பயிற்சியாளருக்கு எளிய வழிகள் இரண்டு உண்டு. ஆட்டக்காரரைப் பழிக்கலாம், அல்லது தட்பவெப்பத்தைப் பழிக்கலாம். ரஹீம் மூன்றாவது வழியாகிய கற்றலை மேற்கொண்டார். அவ்வொலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டமுறையை அவர் கருத்துடன் நோக்கினார். முன்களத்தின் நடுவில் ஆடுபவரைச் சற்றே பின்னால் நிறுத்தி, எதிரணியின் தற்காப்பைக் கலைக்கும் முறை அது. அதனை இந்திய அணிக்கு ஏற்றவாறு கையாண்டார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அணியால் உலகப் புகழ் பெற்ற 4-2-4 என்னும் அமைப்பினையும் முன்கூட்டியே பயன்படுத்தியவர் அவர் என்பர்.

நான்கு ஆண்டுகளில் நிலம் விளைந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் காலிறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டு, ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்ட முதல் ஆசியராயினர். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணியும் இந்திய அணியே. அரையிறுதியில் எதிர்ப்பட்டது அதே யுகோஸ்லாவியா. இந்தியாவே முதல் கோலைப் போட்டது. இறுதியில் 4-1 எனத் தோற்றது. பதக்கத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றது. அந்த நான்காம் இடத்தைக் காணும்பொழுது, நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பத்துக் கோல்கள் வாங்கிய நாளையும் உடன் வைத்துக் காணுதல் வேண்டும்.

நிறைகோல்: நடுவுநிலை பிறழாமை

நிறைகோல் ஐயம் தீர அளவினைக் காட்டும். எப்பக்கமும் சாயாது நிற்கும். பயிற்சியாளரின் நடுவுநிலை வெளிப்படும் இடம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் இடமாகும். யார் எச்செயலுக்கு உரியவர் என ஆராய்ந்து, அவரிடமே அச்செயலை ஒப்படைத்தல் வேண்டும் என்பதைத் திருக்குறள் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமாகவே வகுத்துள்ளது.

ரஹீமின் மகன் சையத் ஷாகித் ஹக்கீமும் சிறந்த ஆட்டக்காரரே. 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் அவர் இடம் பெற்றிருந்தார். அப்போட்டியில் இந்தியா ஹங்கேரியிடம் 2-1 எனத் தோற்று, பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்து, பெருவிடம் 3-1 எனத் தோற்றது. இம்மூன்று ஆட்டங்களுள் ஒன்றில்கூட ஹக்கீம் களமிறங்கவில்லை. 1962-இல் ஜகார்த்தா சென்ற அணியில் அவர் பெயரே இல்லை. தந்தை பயிற்சியாளராக இருக்க, மகன் வெளியே அமர்ந்திருந்தார். இதனைக் கண்ட பிற ஆட்டக்காரருக்கு, நமக்குக் கிடைத்த இடமும் கிடைக்காத இடமும் அளந்து தரப்பட்டவையே என்னும் தெளிவு பிறந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஜகார்த்தா அணியின் பெயர்ப்பட்டியலைப் படித்தாலே நிறைகோலின் பயன் விளங்கும். சுனி கோஸ்வாமி தலைவர். பி.கே. பானர்ஜி, ஜர்னைல் சிங், யூசுப் கான், பிராங்கோ, அருண் கோஷ், பலராம், அருமைநாயகம், எத்திராஜ், பீட்டர் தங்கராஜ் என அப்பட்டியல் நீள்கிறது. ஹைதராபாத்தில் பிறந்து, இராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவு அணியில் ஆடிப் புகழ்பெற்ற தங்கராஜ், தலைசிறந்த கோல் காப்பாளர். வங்காளியும் பஞ்சாபியரும் தமிழரும் கோவா மரபினரும், இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் கிறித்தவரும் அங்கே ஓரணியாயினர். ஒற்றுமை பற்றிய மேடைப் பேச்சு இத்தகைய அணியை உருவாக்குவதில்லை. ஒவ்வொருவரும் ஒரே நிறைகோலால் அளக்கப்படுகிறோம் என்னும் நம்பிக்கையே உருவாக்குகிறது.

மலை: நெருக்கடியில் நிலைபெறல்

மலை அசையாதது, மழை பொய்த்த காலத்திலும் தன்னிடமுள்ள வளத்தை வழங்குவது.

ஜகார்த்தா போட்டி அரசியல் கொந்தளிப்பிற்கிடையே நடைபெற்றது. இஸ்ரேல், தைவான் ஆகியவற்றின் வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்தது. அதனை எதிர்த்து இந்தியாவைச் சேர்ந்த சர்வதேச ஒலிம்பிக் குழு உறுப்பினர் சோந்தி குரல் எழுப்பினார். அதனால் உள்ளூர் மக்களின் சினம் இந்திய அணிகள்மேல் திரும்பியது. இந்தியத் தூதரகமும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கால்பந்து அணியோ தென்கொரியாவிடம் 2-0 எனத் தோற்றே போட்டியைத் தொடங்கியது. பயிற்சியாளரின் உடலையோ கொடுநோய் அரித்துக்கொண்டிருந்தது.

பின்னர் தாய்லாந்தை 4-1 எனவும், ஜப்பானை 2-0 எனவும், அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 எனவும் அணி வென்றது. இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியா. அதற்கு முந்தைய நாள் ரஹீம் வீரர்களை அழைத்து, உங்களிடம் ஒரு பரிசு வேண்டுகிறேன் என்றும், அப்பரிசு தங்கப் பதக்கம் என்றும் கூறியதாக அவ்வணியினர் பிற்காலத்தில் சொல்லியுள்ளனர். செப்டம்பர் 4 அன்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராக முழங்கிய அரங்கில், பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட, இந்தியா 2-1 என வென்றது. அந்நாளில் அரங்கிலிருந்த பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்து ஊக்கினர் என்பதும் வீரர்தம் நினைவுகளில் பதிவாகியுள்ளது. அதன்பின் 2023 வரை நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா கால்பந்தில் மீண்டும் தங்கம் வென்றதில்லை.

ரஹீம் கண்டிப்பு மிக்கவர். ஆட்டமுறையை முடிவு செய்வதும் ஆட்களைத் தேர்வதும் பெரிதும் அவர் கையிலேயே இருந்தன. ஆயினும் வீரர்கள் அவரை அஞ்சி விலகவில்லை. மிதிவண்டிக்குப் பணம் தந்த கை, மகனையும் வெளியே அமர்த்திய கை, அந்த ஆணையை இட்டது. அக்கறையும் நடுவுநிலையும் முன்னரே விதைக்கப்பட்டிருந்தமையால் கண்டிப்பு கசக்கவில்லை. அவற்றை விதைக்காமல் கண்டிப்பை மட்டும் அவரிடமிருந்து கற்றுக்கொள்வோர் சுளையை எறிந்து தோலை உண்போராவர்.

வினாவுக்கு உரிய ஓர் இடம்

பெரியோரைப் போற்றுவதோடு நில்லாமல் ஆராய்வதும் கல்வியின் கடமை. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் பட்டுத் தையல் போடப்பட்டது. அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. ஆனால் அரையிறுதியிலும் இறுதியிலும் ரஹீம் அவரைத் தற்காப்பிலிருந்து மாற்றி முன்களத்தில் ஆடச் செய்தார். இரண்டு ஆட்டங்களிலும் அவர் கோல் போட்டார். இறுதி ஆட்டத்தில் அவர் போட்டது தலையால் முட்டிய கோல். இந்திய விளையாட்டு வரலாற்றில் துணிவுக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்ச்சி இன்றளவும் கூறப்படுகிறது.

துணிவு போற்றத்தக்கதே. ஆயினும் இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு நோக்கினால், அம்முடிவைப் பின்பற்றத்தக்கதாகக் கொள்ள இயலாது. தலைக்காயம் ஆறுமுன்னர் மீண்டும் அடிபடுவது உயிருக்கே ஊறு செய்யக்கூடும் என்பதை இன்று அறிவோம். உலகக் கோப்பைப் போட்டிகளில் பதிலி ஆட்டக்காரருக்கு முதன்முதலாக இடம் தரப்பட்டது 1970-இல்தான். இன்றோ, தலையில் அடிபட்டவருக்கு மாற்றாகக் கூடுதல் பதிலி ஒருவரை இறக்குவதற்கு ஆட்டவிதிகளே 2024 முதல் இடம் தருகின்றன. விதி மாறியதற்குக் காரணம் அறிவு வளர்ந்ததே. ரஹீமை அவர் காலத்து அறிவைக் கொண்டு மதிப்போம். நம்மை நம் காலத்து அறிவைக் கொண்டு மதித்துக்கொள்வோம். ஹெல்சிங்கியில் தோற்றபின் தம் முறையையே மாற்றிக்கொண்டவர், இன்று இருந்திருந்தால் இதனையும் கற்றிருப்பார் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

நமக்குரிய பாடம்

ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்கிறோம். ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பணத்தை எண்ணிப் பாதுகாக்கிறோம். பெற்றோர் நம்மை நம்பி ஒப்படைத்த பிள்ளைகளின் உடலும் உள்ளமும் அதனினும் பெரிய அமானிதம் அல்லவா? ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் வினவப்படுவர் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதில் நம் திடல்களில் நிற்கும் பயிற்சியாளரும் அவ்வினாவிற்கு உட்பட்டவரே. அவர் தமக்குத் தாமே கேட்டு, விடையை ஓர் ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளத்தக்க வினாக்கள் ஐந்து உண்டு.

முதலாவது, தோல்வியடைந்த மாணவரிடம் நான் முதலில் சொல்லப்போகும் சொல் யாது? இரண்டாவது, அணியில் இடம் பெறாதவரிடம் அதற்குரிய காரணத்தை முகம் நோக்கிச் சொல்ல என்னால் இயலுமா? மூன்றாவது, காயம்பட்டவர் ஆடக்கூடாது என மருத்துவர் சொன்னால், எத்துணைப் பெரிய ஆட்டமாயினும் அதனை ஏற்பேனா? நான்காவது, திடலுக்கு வாராதவர் ஏன் வரவில்லை என்று கேட்டறிந்தேனா? பேருந்துக் கட்டணமோ, மாலை நேரக் கடை வேலையோ, வெறும் வயிறோ காரணமாக இருக்கலாம். ஐந்தாவது, கோப்பை எதுவும் பெறாமலே இவர் கல்லூரியை விட்டுச் சென்றால், இத்திடலிலிருந்து எதனைக் கொண்டு செல்வார்?

சமுதாயப் பெரியோர்க்கும் இதில் பங்குண்டு. வெற்றி விழாவில் பொன்னாடை போர்த்துவது நன்று. ஓர் ஏழை மாணவரின் காலணிக்கும் காலைச் சிற்றுண்டிக்கும் ஓராண்டுப் பொறுப்பேற்பது அதனினும் நன்று. மாணவியர்க்கும் தனி நேரமும் தகுந்த இடமும் பெண் பயிற்சியாளரும் அமைத்துத் தருதல் வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டியில் ஓடிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. அதனை நாம் சொல்லி மகிழ்கிறோம். நம் புதல்வியர் ஓடுவதற்கு ஓர் இடம் தந்தோமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

ரஹீம் மறைந்த பின்னர், அவரிடம் பயின்ற பி.கே. பானர்ஜி நாடறிந்த பயிற்சியாளராக விளங்கினார். நல்லாசிரியரின் பணி அவர் வென்ற பதக்கங்களோடு முடிவதில்லை, அவர் உருவாக்கிய ஆசிரியர்களில் தொடர்கிறது என்பதற்கு இது சான்று. எனினும், கொள்கை ஒருவர் நெஞ்சில் மட்டும் தங்கியிருப்பின், அவரோடு அது பெரும்பகுதி மறைந்தும்விடும். ஆகவேதான் எழுதி வைத்தல் வேண்டும் என வற்புறுத்துகிறேன்.

தொடக்கத்தில் கூறிய மாணவரைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திருமண வீட்டில் கண்டேன். அன்புடன் ஸலாம் கூறினார். தம் மகன் பள்ளியின் கால்பந்து அணியில் ஆடுவதாகச் சொன்னார். ஆட்டத்தைக் காணச் செல்வதுண்டா என்று கேட்டேன். "போவேன் சார். தோற்கிற அன்றைக்குக் கட்டாயம் போவேன்" என்றார். எண்ணி வைத்த விடை என்று நான் இத்துணை நேரம் எழுதியது அதுவே. அதனை அவர் எவரிடமும் கற்கவில்லை. நாங்கள் கற்பிக்கத் தவறியதிலிருந்து கற்றுக்கொண்டார். நம் மாணவர் அதனை நம்மிடமிருந்தே கற்றுச் செல்லும் நாளை உருவாக்குவது, வகுப்பறையில் நிற்கும் நமக்கும் திடலில் நிற்பவருக்கும் பொதுவான கடமையாகும்.